ஸ்காட், அவர் பூனை, ஒரு சம்பளக் கேள்வி: தரவுத்தள நேர்காணலின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னிடம் படித்தவர்களில் நிறையப் பேர் இன்று கணினித் துறையில் இருக்கிறீர்கள். சிலர் நேர்காணலுக்குப் போகிறவர்கள். சிலர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்கள். இரண்டு பக்கத்துப் புலம்பலும் எனக்கு வருகிறது. போகிறவர்கள், "டீச்சர், எங்க போனாலும் அதே கேள்விதான் கேக்குறாங்க" என்கிறார்கள். கேட்கிறவர்கள், "டீச்சர், எல்லாரும் பதிலை ஒப்பிக்கிறாங்க, ஒரு வேலையைக் கொடுத்தா திருதிருன்னு முழிக்கிறாங்க" என்கிறார்கள். ஒப்பிக்கிற பிள்ளையையும் புரிந்த பிள்ளையையும் பிரித்தறிவதுதான் எங்கள் தொழிலே. அதனால் எனக்கு ஆர்வம் வந்தது. அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறார், பல கேள்விகளுக்குப் பின்னால் ஒரு சண்டையும் இருக்கிறது.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கேள்வியை எடுத்துக்கொள்வோம். "தன் மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் யார்? எஸ்க்யூஎல்லில் எழுதுங்கள்." இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் இந்தத் துறையில் குறைவு. அதற்கு 50 வயதுக்கு மேல் ஆகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அறுபதுகளில் தொடங்க வேண்டும். அமெரிக்கர்கள் நிலவுக்குப் போக சாட்டர்ன் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கான உதிரிப் பாகங்கள். எந்தப் பாகத்துக்குள் எந்தப் பாகம், அதற்குள் எது என்று கணக்கு வைத்தாக வேண்டும். அதற்காக ஐபிஎம் நிறுவனம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து ஐஎம்எஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. அது 1968 ஆகஸ்டில் வேலைக்கு வந்தது. நம் வம்சாவளி மரம் மாதிரியான அமைப்பு: தாத்தா, அவருக்குக் கீழே பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே பேரன்கள். மேலிருந்து கீழே இறங்கித்தான் தேட முடியும். இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பவர் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு பதிவிலிருந்தும் அடுத்த பதிவுக்கு ஒரு நூல் கட்டிவிடுவது. நூலைப் பிடித்துக்கொண்டே போனால் வேண்டியது கிடைக்கும். 1973-இல் அவருக்கு டூரிங் விருது கொடுத்தார்கள். அந்த விழாப் பேச்சில் அவர் நிரல் எழுதுபவரை மாலுமியோடு ஒப்பிட்டார். தரவுக் கடலில் வழி கண்டுபிடித்துப் போகிறவர் என்று.

பழைய பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எந்த வருஷம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தெரிந்த எழுத்தர் இருந்தால் வேலை நடக்கும். அவர் அன்று லீவு என்றால் நாமும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த மாலுமி வேலையே வேண்டாம் என்று சொன்னவர்தான் எட்கர் காட். 1923-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானி. 1948-இல் அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். 1953-இல் செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, நாற்பதைத் தாண்டிய வயதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்குப் போனார். 1970 ஜூனில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. சாரம் இவ்வளவுதான்: எல்லாத் தரவையும் சாதாரண அட்டவணைகளாக வையுங்கள். "என்ன வேண்டும்" என்று மட்டும் மனிதன் சொல்லட்டும். "எப்படித் தேடுவது" என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று இது சப்பென்று இருக்கிறது. அன்று பலர் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் கனவு காண்கிறார், இது ஓடவே ஓடாது, ஓடினாலும் ஆமை வேகம்தான் என்றார்கள். ஐபிஎம்முக்கோ ஐஎம்எஸ் நல்ல பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. பால் கறக்கும் பசுவை விற்றுவிட்டுக் கன்று வாங்க யாருக்கு மனசு வரும்? 1974-இல் மிச்சிகனில் நடந்த ஒரு மாநாட்டில் காட் தரப்பும் பாக்மன் தரப்பும் நேருக்கு நேர் வாதாடினார்கள்.

அந்தக் காலத்தில்தான் நம் சம்பளக் கேள்வி வருகிறது. டொனால்ட் சேம்பர்லின் என்ற இளைஞர் ஐபிஎம்மில் பாக்மன் வழியைப் படித்துக்கொண்டிருந்தார். காட் ஒரு கருத்தரங்குக்கு வந்து சில கேள்விகளைத் தன் முறையில் எழுதிக் காட்டினார். அதில் ஒன்று, மேலாளரைவிட அதிகம் சம்பாதிக்கும் ஊழியர்கள் யார் என்பது. பழைய முறையில் ஐந்து பக்கம் போகும் என்று சேம்பர்லினுக்குத் தெரியும். காட் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். சேம்பர்லின் அசந்துபோய்க் கட்சி மாறியதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆக, இன்று 22 வயதுப் பிள்ளையைச் சோதிக்கும் அந்தக் கேள்வி, பிறந்தபோது பழைய முறைக்கு வைத்த சோதனை.

காட் எழுதிய ஒரு வரி கணிதக் குறியீடுகளால் ஆனது. சாதாரண ஆட்கள் படிக்க முடியாது. அதை ஆங்கில வாக்கியம் மாதிரி எழுத ஒரு மொழியைச் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கி 1974-இல் வெளியிட்டார்கள். பெயர் சீக்வல். அந்தப் பெயர் ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் உயிரெழுத்துகளை உதறிவிட்டு எஸ்க்யூஎல் ஆனது. நேர்காணலில் சிலர் "சீக்வல்" என்பதும் சிலர் "எஸ்க்யூஎல்" என்பதும் இதனால்தான். எப்படிச் சொன்னாலும் மதிப்பெண் குறைக்காதீர்கள்.

பாய்ஸ் பற்றி ஒரு வார்த்தை. "பாய்ஸ்–காட் நார்மல் ஃபார்ம் என்றால் என்ன?" என்ற கேள்வி வராத நேர்காணல் உண்டா? அந்த பாய்ஸ் இவர்தான். சீக்வல் கட்டுரை வந்த அதே 1974-இல், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. கைக்குழந்தை இருந்தது. அவர் உருவாக்கிய மொழி உலகத்தையே ஆளப்போவதை அவர் பார்க்கவில்லை. அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கும்போதோ பதில் சொல்லும்போதோ ஒரு நொடி அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நார்மலைசேஷன் என்ற வார்த்தையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் முகவரி சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும், வருகைப் பதிவேட்டில் இருக்கும், உதவித்தொகைப் பட்டியலில் இருக்கும். வீடு மாறினால் ஒன்றில் திருத்துவோம், மற்ற இரண்டில் பழசே கிடக்கும். உதவித்தொகைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். ஒரு செய்தி ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும், மற்ற இடங்களில் சேர்க்கை எண் மட்டும் போதும். இதைத்தான் காட் படிப்படியாக, 1970-இல் முதல் படி, 1971-இல் இரண்டாம், மூன்றாம் படி என்று விதியாக்கினார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அதிபர் நிக்ஸன் சீனாவோடு உறவைச் 'சகஜமாக்கும்' பேச்சு பேசிக்கொண்டிருந்தார், அவர் உறவுகளைச் சகஜமாக்கலாம் என்றால் நானும் செய்யலாமே என்று நினைத்தேன் என்று பதில் சொன்னாராம். இதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். நிக்ஸன் சீனா போனது 1972-இல். காட்டின் 1970 கட்டுரையிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

இப்போது ஸ்காட்டுக்கு வருவோம்.

ஐபிஎம் தன் சொந்த ஆராய்ச்சியைச் சந்தைக்குக் கொண்டுவரத் தயங்கிக்கொண்டிருந்தபோது, வெளியே சிலர் அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்க்ரெஸ் என்ற அமைப்பைக் கட்டினார்கள். லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் 1977-இல் ஒரு சிறு கம்பெனி தொடங்கி, 1979-இல் ஆரக்கிளை விற்க ஆரம்பித்தார்கள். முதல் வெளியீட்டுக்கே 'இரண்டாம் பதிப்பு' என்று பெயர் வைத்தார்கள். முதல் பதிப்பை எவன் வாங்குவான் என்ற வியாபாரி மூளை! ஐபிஎம்மின் சொந்த எஸ்க்யூஎல் சரக்கு 1981-இல்தான் கடைக்கு வந்தது.

ஆரக்கிளின் தொடக்கக் கால ஊழியர்களில் ஒருவர் புரூஸ் ஸ்காட். பழகிப் பார்ப்பதற்காக ஆரக்கிளோடு வந்த மாதிரி அட்டவணைகளுக்குள் நுழைய, பயனர் பெயர் ஸ்காட், கடவுச்சொல் டைகர். டைகர் என்பது அவர் வீட்டுப் பூனை. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கணினி மையங்களில் ஆரக்கிள் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் மந்திரம் மாதிரி. "ஸ்காட் டைகர்" என்று சொல்லிப் பாருங்கள், நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அந்த அட்டவணையில் 14 ஊழியர்கள். அவ்வளவுதான். எத்தனை எத்தனை நேர்காணல் கேள்விகள் இந்த 14 வரிகளை வைத்துப் பிறந்திருக்கின்றன என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தலைவர் கிங், சம்பளம் 5000. அவருக்குக் கீழே ஜோன்ஸ் 2975, பிளேக் 2850, கிளார்க் 2450. ஜோன்ஸுக்குக் கீழே வேலை பார்க்கும் ஸ்காட்டுக்கும் ஃபோர்டுக்கும் ஆளுக்கு 3000. மேலாளரைவிட அதிகம் வாங்குபவர்கள் யார் என்று கேட்டால் இந்த இருவர்தான். தன் பெயரில் இருக்கும் அட்டவணையில் ஸ்காட், மேலாளரைவிட 25 டாலர் அதிகம் வாங்குகிறார். குறும்பா தற்செயலா, அது அவருக்கே வெளிச்சம்.

"மூன்றாவது அதிகபட்சச் சம்பளம் என்ன?" இது இன்னொரு பழம்பெரும் கேள்வி. 5000, 3000, 3000, 2975. வரிசையில் மூன்றாவது ஆளை எடுத்தால் 3000. வெவ்வேறு தொகைகளை எண்ணினால் 2975. எது சரி? கேட்டவர் என்ன நினைத்துக் கேட்டாரோ அதுதான் சரி. என் மாணவி ஒருத்தி ஒரு நேர்காணலில் இதைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள்: "சார், ஒரே சம்பளம் ரெண்டு பேருக்கு இருந்தா எப்படி எண்ணணும்?" கேட்டவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா" என்றாராம். வேலை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி எதற்காக உண்டானதோ அதை அவள் செய்துவிட்டாள். அவர் கையில் இருந்த தாளில் ஒரே ஒரு விடைதான் அச்சாகியிருந்தது. அவள் இன்று வேறு இடத்தில் நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று இரவு அவள் போனில் அழுதது எனக்கு மறக்காது.

அடுத்தது 'நல்'. தமிழில் நல் என்றால் நல்ல. கணினிக்காரர்களிடம் நல் என்றால், தெரியவில்லை, எழுதப்படவில்லை, காலி. இந்தக் கேள்வியைத்தான் ஒரு ஆசிரியராக நான் மிகவும் ரசித்தேன். தேர்வில் பூஜ்யம் வாங்கியவனும் தேர்வுக்கே வராதவனும் ஒன்றா? மதிப்பெண் பட்டியலில் ஒருவனுக்கு 0, இன்னொருவனுக்கு 'ஆப்சென்ட்' என்று போடுவோம். வகுப்புச் சராசரி கணக்கிடும்போது வராதவனைச் சேர்ப்பதா விடுவதா என்று ஆசிரியர் அறையில் சண்டையே நடக்கும். ஸ்காட் அட்டவணையில் கமிஷன் என்று ஒரு பத்தி உண்டு. ஆலனுக்கு 300, வார்டுக்கு 500, மார்ட்டினுக்கு 1400, டர்னருக்கு 0. மற்ற பத்துப் பேருக்கும் காலி. டர்னர் விற்பனையாளர், கமிஷன் உண்டு, ஆனால் பூஜ்யம். மற்றவர்களுக்குக் கமிஷன் என்ற பேச்சே இல்லை. சராசரி கமிஷன் எவ்வளவு? எஸ்க்யூஎல் காலிகளை விட்டுவிட்டு நான்கால் வகுத்து 550 என்கும். பதினான்கால் வகுத்தால் 157 சொச்சம். முதலாளியிடம் எந்த எண்ணைக் கொடுப்பது என்பது கணினி முடிவு செய்யும் விஷயம் இல்லை.

இதைவிடப் பொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. "மேலாளர் அல்லாத ஊழியர்கள் யார்?" மேலாளர் பத்தியில் யாருடைய எண் இல்லையோ அவர்களை எடு என்று, 'நாட் இன்' போட்டு, சர்வ சாதாரணமாக எழுதுவார்கள். சரியான விடை எட்டுப் பேர். கணினி கொடுக்கும் விடை: ஒருவரும் இல்லை! காரணம் தலைவர் கிங். அவருக்கு மேலாளர் இல்லை, அந்தக் கட்டம் காலி. கணினி இப்படி யோசிக்கிறது: ஸ்மித் இந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, அதில் இருக்க வேண்டியது ஸ்மித்தின் எண்ணாகவும் இருக்கலாமே? உறுதியில்லை, ஆகவே சேர்க்காதே. ஒவ்வொருவருக்கும் இதே பதில். ஒரே ஒரு காலிக் கட்டம் எட்டுப் பேரையும் காணாமல் அடித்துவிடுகிறது. பிழைச் செய்திகூட வராது. இதையே நம் ஊர் ஓய்வூதியப் பட்டியலாகவோ வாக்காளர் பட்டியலாகவோ நினைத்துப் பாருங்கள். தெரியாத ஆள் கையில் தரவுத்தளத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். நானாக இருந்தால் மற்ற பத்துக் கேள்விகளை விட்டுவிட்டு இதை மட்டும் கேட்பேன்.

காட் இந்தக் காலிக் கட்டத்துக்கு ஆதரவாகத்தான் இருந்தார். பிற்காலத்தில் 'தெரியாதது' வேறு, 'பொருந்தாதது' வேறு என்று இரண்டு வகைக் காலி வேண்டும் என்றுகூட எழுதினார். அவருடைய நெருங்கிய சகாவான கிறிஸ் டேட்டோ காலியே கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். கூட்டாளிகளுக்குள்ளேயே தீராத வழக்கை, நேர்காணலில் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைக்கச் சொல்கிறோம்!

"ஏசிஐடி விரிவாக்கம் என்ன?" என்ற கேள்விக்கு வருகிறேன். நான்கு எழுத்து, நான்கு சொல், ஒப்பித்தால் முடிந்தது. இந்தச் சுருக்கத்தை 1983-இல் ஹேர்டர், ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வைத்தார்கள். சிந்தனையில் பெரும்பகுதி ஜிம் கிரே உடையது. காட்டின் கனவை ஓட்டிக் காட்ட ஐபிஎம் சான் ஹொசேயில் நடத்திய 'சிஸ்டம் ஆர்' திட்டத்தில் வேலை பார்த்தவர். உங்கள் கணக்கிலிருந்து 5000 ரூபாய் எடுத்தாகிவிட்டது, உங்கள் தங்கை கணக்கில் போடுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. அந்தப் பணம் இப்போது எங்கே? ஒன்று முழுக்க நடந்திருக்க வேண்டும், இல்லை நடக்காதது போல் ஆக வேண்டும். நாம் தினமும் போனைத் தட்டிப் பணம் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது இந்த மாதிரி ஆட்கள் எழுபதுகளில் யோசித்து வைத்ததால்தான். 1998-இல் கிரேக்கு டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில், தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காகத் தனியாகப் பாய்மரப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். திரும்பி வரவில்லை. செயற்கைக்கோள் படங்களை நண்பர்களும் முகம் தெரியாதவர்களும் கூடிக் கூடித் தேடினார்கள். படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. விரிவாக்கத்தைக் கேட்பதற்குப் பதில் "பாதியில் கரண்ட் போனால்?" என்று கேளுங்கள் தம்பிகளா, தங்கைகளா.

"கேள்வி மெதுவாக ஓடுகிறது, என்ன செய்வீர்கள்?" என்பதும் அதே திட்டத்தின் பிள்ளைதான். எப்படித் தேடுவது என்பதைக் கணினியே முடிவு செய்யும் என்று காட் சொல்லிவிட்டார். எப்படி முடிவு செய்யும்? பாட்ரிசியா செலிங்கர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு வழி சொன்னது. ஒவ்வொரு பாதைக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு, மலிவான பாதையில் போவது. காட்டைப் பார்த்து ஆமை என்று சிரித்தவர்களின் வாயை அடைத்ததில் இந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் அனுபவசாலியை அடையாளம் காண இது நல்ல கேள்வி. எடுத்ததும் "இண்டெக்ஸ் போடுவேன்" என்பவர் ஒரு ரகம். "கணினி எந்தப் பாதையில் போனது என்று முதலில் பார்ப்பேன்" என்பவர் இன்னொரு ரகம்.

கடைசியாக, "காட்டின் 12 விதிகள் என்ன? ஏழாவது விதி எது?" இந்தக் கேள்வியை இன்னும் சிலர் கேட்கிறார்களாம். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். அந்த விதிகள் மாணவர்களுக்காக எழுதப்பட்டவையே அல்ல. எண்பதுகளில் காட்டின் யோசனை வெற்றி பெற்றதும், பழைய சரக்கை வைத்திருந்த கம்பெனிகள்கூட 'எங்களுடையதும் ரிலேஷனல்தான்' என்று புதுப் பலகை மாட்டிக்கொண்டன. அப்போது ஐபிஎம்மை விட்டு வெளியேறியிருந்த காட், 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்டு என்ற வாரப் பத்திரிகையில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். முதல் கட்டுரையின் தலைப்பே, உங்கள் தரவுத்தளம் உண்மையிலேயே ரிலேஷனல்தானா என்ற கேள்வி. அதாவது, விற்பனைக்கு வந்த மென்பொருள்களை நிற்கவைத்து அவர் நடத்திய நேர்காணல் அது. எண்ணிப் பார்த்தால் விதிகள் 13, ஏனென்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. கம்பெனிகளைக் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம். அந்த மனிதர் 2003-இல் காலமானார். வரிசை எண்ணோடு ஒப்பிக்கச் சொல்வதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நேர்காணல் எடுக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 14 பேரின் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து மேசையில் வையுங்கள். கணினி வேண்டாம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். எதிரே இருப்பவர் தாளைப் பார்த்து என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

போகிற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்: தன் மேலாளர் வேலையில் சேர்வதற்கு முன்பே சேர்ந்தவர்கள் யார் யார்? சேர்ந்த தேதி பட்டியலிலேயே இருக்கிறது. கிங் விஷயத்தில் கவனம். விடையைக் கீழே எழுதுங்கள், பழைய வழக்கப்படி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்!